மூளையடி வளையம்: ஒக்ஸ்போர்டிலிருந்து மானிப்பாய்க்கு

ரொறன்ரோவில் இப்போது காலைச் சாப்பாட்டு நேரம். மெல்பேர்ணில் நித்திரைக்குப் போகிற நேரம். இங்கே ஆர்ச்வேயில் பிற்பகல் இரண்டு மணி, வழக்கம்போல மழை. நேரலையில் இருக்கிறவர்களுக்கும், பிறகு இதை எழுத்தில் வாசிக்கப்போகிறவர்களுக்கும் நன்றி.

என்னை எழுத்தாளர் என்று அறிமுகப்படுத்தினீர்கள். சில சிறுகதைகள் எழுதியிருக்கிறேன், அது உண்மை. ஆனால் எனக்குச் சம்பளம் தருவது தாதி வேலை. கையில் இருப்பது நர்சிங் டிப்ளோமா மட்டும்தான், பட்டம் இல்லை. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், இன்றைக்கு நான் சொல்லப்போகிற வரலாற்றிலும் பட்டம் முடிக்காத ஒரு பெண் வருகிறார். அவரைப் பற்றிப் பேச எனக்குத் தனி ஆசை.

பொருள் இதுதான். மூளைக்கு இரத்தம் கொண்டுபோகிற குழாய்கள் மூளையின் அடியில் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு வளையம் போடுகின்றன. வில்லிஸ் வளையம் என்று பெயர். பாடப்புத்தகத்தில் அது இரண்டு பக்கமும் ஒத்த, அழகான, மூடிய வளையம். ஆட்களிடத்தில் தேடினால் கதை வேறு. கருவில் ஒரு மாதிரி, வளர்ந்தபின் ஒரு மாதிரி, முதுமையில் இன்னொரு மாதிரி, ஆளுக்கு ஆளும் வேறு மாதிரி. இலக்கியக் கூட்டத்தில் இதற்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நான் பிழையாகச் சொன்ன ஒரு தமிழ்ச் சொல்தான் காரணம்.

2017ஆம் ஆண்டு. வட லண்டனில் ஒரு வைத்தியசாலை. எழுபது வயது தாண்டிய ஓர் அம்மா, வடமராட்சிப் பக்கம். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். காலையில் அரை மணித்தியாலம் பேச்சு வராமல் போய், பிறகு வந்துவிட்டது. கழுத்துக் குழாய் ஒன்று ஒடுங்கியிருந்தது, அதற்கு மருந்து தொடங்கியாயிற்று. ஸ்கான் அறிக்கையில் இன்னொரு வரியும் இருந்தது. மூளையின் பின்பக்கத்துக்குப் போகிற ஒரு நாடி கருக்கால வகையைச் சேர்ந்தது என்று. இளம் டொக்டர் அதை ஆங்கிலத்தில் வாசித்து, இது ஒரு வேறுபாடு, கவலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மொழிபெயர்ப்பாளர் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. நான் காத்திருக்கவில்லை.

"பிள்ளை, என்னவாம் சொல்லீனம்?" என்று அம்மா கேட்டா.

"ஒண்டுமில்லை அம்மா. மூளைக்குப் போற ஒரு நரம்பில கருவிலயே ஒரு குறை இருந்திருக்காம். அதால இப்ப பயமில்லை."

நரம்பு என்று சொன்னது முதல் பிழை. நம் ஆட்களுக்கு இரத்தக் குழாயும் நரம்புதான் என்று என்னை நானே மன்னித்துக்கொள்ளலாம். குறை என்று சொன்னதுதான் பெரிய பிழை. பக்கத்தில் மகள் நின்றாள், ஐந்து மாதக் கர்ப்பிணி. அவளுடைய கை வயிற்றுக்குப் போனதை நான் கண்டேன். கண்டும் வேலை அவசரத்தில் விட்டுவிட்டேன்.

அந்தக் கை இரவிரவாக என்னை நித்திரை கொள்ள விடவில்லை. கருக்கால வகை என்றால் உண்மையில் என்ன என்று வாசிக்கத் தொடங்கினேன். வாசித்துக்கொண்டே போனதில் 350 வருடம் பின்னால் போய்விட்டேன்.

முதலில் குழாய்கள். ஈழத்துப் பாடப்புத்தகத்தில் நாடி, நாளம் என்று படித்தோம். தமிழ்நாட்டில் அவையே தமனி, சிரை. நான் படித்தபடி நாடி என்றே சொல்கிறேன். மூளைக்கு நான்கு நாடிகள் ஏறுகின்றன. கழுத்தின் முன்பக்கம் இரண்டு கரோட்டிட் நாடிகள், தொட்டால் துடிப்புத் தெரியும். பின்னால், கழுத்து எலும்புகளின் துளைகளுக்குள்ளால் ஏறி வருகிறவை முள்ளெலும்பு நாடிகள் இரண்டு. பின்னால் வருகிற இரண்டும் மூளைத் தண்டின் முன் ஒன்றாகச் சேர்ந்து, மேலே போய் மறுபடி இரண்டாகப் பிரிந்து, மூளையின் பின்பகுதிக்குப் போகின்றன. முன்னால் வருகிறவை முன்பகுதிக்கும் நடுப்பகுதிக்கும். இந்த முன், பின் கூட்டங்களைப் பக்கத்துக்கு ஒன்றாக ஒரு மெல்லிய இணைப்பு நாடி கட்டுகிறது. முன்னால் இடதையும் வலதையும் இன்னொரு சின்ன இணைப்புக் கட்டுகிறது. வளையம் மூடிவிட்டது. ஒரு வழி அடைத்தால் மற்ற வழியால் இரத்தம் சுற்றி வரலாம்.

ஆர்ச்வே தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ரியூப் நிலையத்துக்கு வெளியே, ஆர்ச்வே டவேர்ன் மதுக்கடையை நடுத்தீவில் விட்டு வாகனங்கள் ஒருவழியாகச் சுற்றிச் சுற்றி வந்த காலம் உண்டு. அந்த வளையத்தின் ஒரு கையை 2017இல் வாகனங்களுக்கு மூடிவிட்டார்கள். இப்போது அது நவிகேற்றர் சதுக்கம், ஆட்கள் நடக்கிற இடம். வளையம் போய்விட்டது, ஆனால் பஸ்கள் ஓடுகின்றன. முதல் சில மாதம் எந்தப் பஸ் எங்கே நிற்கும் என்று தெரியாமல் எல்லாரும் அலைந்தோம் என்பது வேறு கதை.

தோமஸ் வில்லிஸ் 1621இல் வில்ட்ஷயரில் பிறந்தவர். ஒக்ஸ்போர்டில் படித்த காலத்தில் உள்நாட்டுப் போர். அரசர் பக்கம் நின்றார். அரசர் தோற்று, ஆங்கிலிக்கன் திருச்சபையின் வழிபாட்டு முறை தடைப்பட்டபோது, மேர்ட்டன் கல்லூரிக்கு எதிரே இருந்த தன் வீட்டில் நண்பர்களைக் கூட்டி அந்த வழிபாட்டை நடத்துவித்தார். ஊரடங்குச் சட்டக் காலத்தில் வீட்டுக்குள் மெல்லிய குரலில் பாட்டுப் பாடிச் செபித்து வளர்ந்தவள் நான். வில்லிஸ் என்ற பெயரோடு எனக்கு முதலில் ஒட்டுதல் வந்தது அந்த வீட்டால்தான், வளையத்தால் அல்ல.

1650 டிசம்பரில் ஒக்ஸ்போர்டில் ஆன் கிறீன் என்ற வேலைக்காரப் பெண்ணைச் சிசுக்கொலைக் குற்றம் சாட்டித் தூக்கிலிட்டார்கள். உடல் அறுவைக்காக மருத்துவர்களிடம் வந்தது. சவப்பெட்டியைத் திறந்தால் மூச்சு இருக்கிறது. வில்லியம் பெட்டியும் வில்லிசும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, சூடு பிடித்து, கைகால் தேய்த்து, அவளைப் பிழைக்க வைத்தார்கள். மன்னிப்புக் கிடைத்தது. பிறகு மணம் முடித்துப் பிள்ளைகளும் பெற்றாள். அந்தக் காலத்தில் உடற்கூறு படிக்க உடல் எங்கிருந்து வந்தது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி கிடையாது. பாடப்புத்தகப் படத்துக்குப் பின்னால் எப்போதும் கேட்க ஆளில்லாத ஒருவருடைய உடல் இருக்கிறது.

1664இல் வில்லிசின் மூளை உடற்கூற்று நூல் இலத்தீனில் வந்தது. கூட வேலை செய்தவர் ரிச்சர்ட் லோவர். படங்கள் வரைந்தவர் கிறிஸ்தோபர் ரென். ஆம், பின்னாளில் சென் போல்ஸ் தேவாலயத்தைக் கட்டிய அதே ரென். ஆர்ச்வே பாலத்தில் ஏறி நின்றால், மழை இல்லாத நாளில் அந்தக் கும்பம் தெரியும்.

வளையத்தை முதலில் கண்டவர் வில்லிஸ் அல்ல. இத்தாலியில் ஃபலோப்பியோவும் கசேரியோவும், சுவிற்சர்லாந்தில் வெப்ஃபரும் அவருக்கு முன்பே அதைச் சொல்லியிருந்தார்கள். அதற்கும் முந்திய ஆயிரத்துச் சொச்ச வருடம் எல்லாரும் கேலன் சொன்னதை நம்பினார்கள். மூளையடியில் வலைபோல ஒரு குழாய்ப் பின்னல் இருக்கிறது என்று அவர் எழுதினார். அந்தப் பின்னல் ஆட்டுக்கும் மாட்டுக்கும் உண்டு, மனிதருக்கு இல்லை. ஆட்டு மூளை வாங்கிச் சுத்தம் செய்கிற நம் வீட்டுப் பெண்கள் எவரும் அதைக் கண்டிருக்கலாம், பெயர் வைக்கத்தான் ஆள் இல்லை.

வில்லிஸ் செய்தது, வளையம் எதற்கு என்று கேட்டது. ஒரு பக்கத்துக் கரோட்டிட்டில் மை கலந்த நீரைச் செலுத்தினார்கள். மறுபக்கத்துக் குழாய்களிலும் மை வந்தது. பிறகு ஓர் உடல் கிடைத்தது. வயிற்றுக் கட்டியால் இறந்த ஓர் ஆள். அவருடைய வலது கரோட்டிட் கல்லாகி அடைபட்டுக் கிடந்தது. ஆனால் உயிரோடு இருந்தபோது பாரிசவாதம் எதுவும் வரவில்லை. அதே பக்கத்து முள்ளெலும்பு நாடி மற்றப் பக்கத்ததைவிட மூன்று மடங்கு பருத்திருந்தது. அதாவது ஒரு வழி மூட, இன்னொரு வழி தன்னை அகலமாக்கிக்கொண்டது. இதைப் படைத்தவருடைய முன்யோசனை என்று வில்லிஸ் எண்ணினார். நூலைக் காணிக்கை செய்ததும் ஆர்ச்பிஷப் ஷெல்டனுக்குத்தான். வளையத்துக்கு அவர் பெயரை நிலைக்க வைத்தவர் அடுத்த நூற்றாண்டில் சுவிஸ்காரர் ஹாலர்.

இவரே நீரிழிவுக்காரரின் சிறுநீர் தேன்போல இனிக்கும் என்று எழுதியவர். ஐரோப்பாவில் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். சுசுருதர் காலத்திலேயே அந்த நோய்க்கு மதுமேகம், அதாவது தேன் நீர் என்ற பெயர் இருந்தது. சலரோகம் நம் சொத்து, அதில் யாரும் முந்த முடியாது.

லண்டனில் இந்த வளையம் கத்திமுனையில் சோதிக்கப்பட்டது 1805இல். கைஸ் வைத்தியசாலையில் அஸ்ட்லி கூப்பர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், கரோட்டிட் நாடியில் வீக்கம் வந்த ஒரு பெண்ணுக்கு அந்த நாடியையே கட்டினார். மயக்க மருந்து இல்லாத காலம். அவர் சில வாரங்களுக்குள் இறந்துபோனார். 1808இல் ஹம்ஃபிறி ஹம்ஃபிறிஸ் என்ற சுமை தூக்குகிற மனிதருக்கு அதே சிகிச்சை. அவர் எழும்பி வேலைக்குப் போனார், இன்னும் 13 வருடம் வாழ்ந்தார். 1821இல் அவர் இறந்தபின் கூப்பர் தலையைத் திறந்து பார்த்து, கட்டிய பக்கத்துக்கு இரத்தம் எந்த வழியால் போனது என்று எழுதிவைத்தார். ஒரே கத்தி, ஒரே கட்டு, இரண்டு முடிவு. எல்லாவற்றுக்கும் வளையமே காரணம் என்று சொல்ல மாட்டேன், அந்தக் காலத்தில் புண் அழுகியே பாதிப்பேர் செத்தார்கள். ஆனால் இன்றைக்கும் கழுத்துக் குழாய் அடைத்து வருகிறவர்களில் ஒருவர் நடந்து வீட்டுக்குப் போவதற்கும் இன்னொருவர் வாய் கோணிப் படுக்கையில் கிடப்பதற்கும் உள்ள காரணங்களில் ஒன்று அந்தச் சின்ன இணைப்பு நாடிகளின் அகலம்.

இனி ஆர்ச்வேக்கு வருகிறேன். நிலையத்திலிருந்து ஹைகேட் ஹில்லில் ஏறினால் முதலில் விற்றிங்டன் கல்லும் அதன்மேல் 1964இல் வைத்த பூனையும். அதைத் தாண்டி விற்றிங்டன் வைத்தியசாலை. அங்கே ஜென்னர் கட்டடம் என்று ஒரு பழைய கட்டடம் உண்டு. 1840களின் கடைசியில், ரயில் பாதைக்காகக் கிங்ஸ் குரோஸ் பக்கம் இருந்து கிளப்பிய அம்மை வைத்தியசாலைக்காகக் கட்டியது. இன்னும் ஏறி, வோட்டர்லோ பூங்காவுக்குள்ளால் இறங்கினால் ஹைகேட் மயானம். வருகிற எல்லாரும் கார்ல் மார்க்சைத்தான் தேடுவார்கள். அதே மயானத்தில்தான் ஹென்றி கிறேயும் கிடக்கிறார். உலகம் முழுக்க மருத்துவம் படிக்கிறவர்கள் தூக்கிச் சுமக்கிற கிறேயின் உடற்கூறு, அதை எழுதிய கிறே. 1861இல், அம்மை கண்ட மருமகனைப் பார்த்துக்கொண்டபோது தொற்றி, 34 வயதில் இறந்தார்.

நூல் வந்தது 1858இல். படங்கள் 363. எல்லாம் ஹென்றி வன்டைக் கார்டர் வரைந்தவை. நாடியின் பெயரை ஓரத்தில் எழுதிக் கோடு இழுக்காமல், நாடியின் மேலேயே எழுதிவிடுவது அவருடைய புதுமை. படிக்கிறவர் கண் அலையத் தேவையில்லை. நூல் விற்க விற்கக் கிறேக்குப் பணம் வந்தது. கார்டருக்கு ஒரே தடவையாக 150 பவுண். அவர் நூல் வெளிவந்த வருடமே கப்பலேறிப் பம்பாய்க்குப் போய்விட்டார். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்து, தொழுநோயை ஆராய்ந்து, முப்பது வருடம் இந்தியாவிலேயே இருந்தார். கடவுளுக்கு முன் தன் வாழ்க்கை வீணோ என்று நாட்குறிப்பில் தன்னைத்தானே வதைத்துக்கொண்ட மனிதர். அவரை வாசித்தால் எனக்குப் பாவமாக இருக்கும். கைகொடுத்து, நீங்கள் வரைந்த படத்தை நாங்கள் யாழ்ப்பாணத்திலும் பார்த்தோம் ஐயா என்று சொல்லத் தோன்றும்.

யாழ்ப்பாணம் என்று சும்மா சொல்லவில்லை. என் அம்மம்மாவின் ஊர் மானிப்பாய். அங்கே கிறீன் நினைவு வைத்தியசாலை இருக்கிறது. சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், அமெரிக்க மிசனின் வைத்தியர், 1847இல் வந்தவர். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்தார். படித்த பெடியள் ஊரில் நிற்காமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போனார்கள், உடுப்பு நடை எல்லாம் மாறியது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. கிறிஸ்தவர் ஆகட்டும், வெள்ளைக்காரர் ஆக வேண்டாம் என்பது அவர் எண்ணம். 1860களில் தமிழிலேயே மருத்துவ வகுப்பு எடுத்தார். அதற்கு நூல் வேண்டும். தானும் மாணவர்களுமாக மொழிபெயர்த்தார்கள். டான்வோர்த், சப்மன் என்று அந்தத் தமிழ் மாணவர்களுக்கு மிசன் தந்த பெயர்கள். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், கெமிஸ்தம் என்று ஒவ்வொன்றாக வந்தன. 1872இல் கிறேயின் நூல் தமிழில் வந்தது. பெயர் மனுஷ அங்காதிபாதம். எண்ணூறு பக்கத்தைத் தாண்டும்.

அந்தத் தலைப்பைப் பாருங்கள். எனக்குக் கேசாதிபாதம் நினைவு வரும். முடியிலிருந்து அடி வரைக்கும் ஓர் உருவத்தை அழகு பார்த்துப் பாடுகிற சிற்றிலக்கியம். உடலை அறுத்துப் பார்க்கிற நூலுக்கு அந்த வாடையில் ஒரு பெயர் வைக்க, தமிழில் தோய்ந்த யாரோ ஒருவர் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். லண்டனில் வெளியாகி 14 வருடத்தில், தந்தியும் கப்பலும் மட்டும் இருந்த காலத்தில், மானிப்பாயில் ஒரு மாணவன் தமிழில் உடற்கூறு படித்தான். நான் 2017இல், கைத்தொலைபேசியில் முழு உலகத்தையும் வைத்துக்கொண்டு, குறை என்ற ஒரே சொல்லில் போய் விழுந்தேன்.

கிறீன் 1873இல் திரும்பிப் போனார். தமிழ் வகுப்பு நீண்ட காலம் நிலைக்கவில்லை, ஆங்கிலம் மறுபடி வந்துவிட்டது. 1884இல் அமெரிக்காவில் இறந்தார். தமிழருக்கு மருத்துவப் பணி செய்தவர் என்று கல்லறையில் எழுதச் சொல்லியிருந்தார், எழுதினார்கள். நம் கவிஞர் அம்பி 1967இல் எழுதிய கிறீனின் அடிச்சுவடு என்ற நூலைத் தேடி வாசியுங்கள். அவுஸ்திரேலியாவில் இருக்கிறவர்களுக்கு அம்பியை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

புத்தகம் ஒரு வடிவத்தைத்தான் பெரிதாக வரையும். பிறகு ஆட்கள் எண்ணத் தொடங்கினார்கள். 1888இல் வின்டில் 200 மூளைகள். 1905இல் ஃபோசெற்றும் பிளாச்ஃபோர்டும் 700. அவர்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றாறில் வளையம் மூடியிருக்கிறது என்றார்கள். 1959இல் பிலடெல்பியாவில் அல்பேர்ஸ் குழு நோயில்லாத 350 மூளைகளைப் பார்த்து, பாதிக்குச் சற்று மேல்தான் பாடநூல் வடிவம் என்றது. 1963இல் றிக்சும் றப்பும் 994 மூளைகளைப் பார்த்து, ஐந்தில் ஒன்று என்றார்கள். மனிதர் மாறவில்லை, அளவுகோல் மாறியது. நூல்போல ஒரு குழாய் இருந்தாலும் இருக்கிறது என்று எண்ணினால் ஒரு கணக்கு. ஒரு மில்லிமீற்றருக்குக் குறைந்தால் வளர்ச்சி போதாது என்று தள்ளினால் இன்னொரு கணக்கு. றிக்சும் றப்பும் பார்த்தவை மூளைக் கோளாறு இருந்தவர்களுடைய மூளைகள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எனக்கு மிக நெருக்கமான கணக்கு இலங்கையில் இருந்து வந்தது. ஸ்ரீ ஜெயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தின் றணில் டி சில்வாவும் கூட்டாளிகளும் இலங்கையரின் 225 மூளைகளை அறுத்துப் பார்த்து 2011இல் வெளியிட்டார்கள். பாடநூலில் உள்ளபடி இருந்தவை 32. நூற்றுக்குப் பதினான்கு. மற்ற 193 பேரையும் என்ன சொல்லிக் கூப்பிடுவது? குறை உள்ளவர்கள் என்றா? அந்தப் பக்கத்தை வாசித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது, சிரிப்பும் வந்தது.

இப்போது அந்தப் பெண். டோர்கஸ் பாஜெற். வஸ்ஸர் கல்லூரியில் படிப்பை முடிக்காமலே, ஜோன்ஸ் ஹொப்கின்சில் மருத்துவப் படம் வரையக் கற்றுக்கொள்ளப் போனவர். நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் வோல்டர் டான்டிக்குப் படம் வரைந்துகொடுப்பது வேலை. மூளை நாடிகளின் வீக்கங்களை வரைய வரைய, இவை ஏன் இப்படி ஆளுக்கு ஆள் மாறுகின்றன என்ற கேள்வி வந்தது. 1944இல் டான்டியின் நூலுக்குள் வில்லிஸ் வளையத்தைப் பற்றி ஓர் அதிகாரம் எழுதினார். பிறகு கார்னெகி நிறுவனத்தில் மெல்லிய தாள்களாக வெட்டிவைத்த மனிதக் கருக்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, எந்த வாரத்தில் எந்த நாடி வருகிறது, எது போகிறது என்று வரைந்து 1948இல் வெளியிட்டார். இன்றைக்கும் மூளை நாடிகளின் வளர்ச்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் அவருடைய படங்களில் இருந்துதான் தொடங்குகிறார்கள். பட்டம் இல்லை, பார்வை இருந்தது.

அவர் காட்டியது இது. கருவின் ஆரம்பத்தில் பின் வழி இன்னும் உருவாகவில்லை. கரோட்டிட்தான் மூளை முழுவதற்கும் இரத்தம் கொடுக்கிறது. அதன் ஒரு கிளை பின்னால் நீண்டு பின்மூளைக்கும் ஊட்டுகிறது. பிறகு கழுத்துக்குப் பின்னால் முள்ளெலும்பு நாடிகள் வளர்ந்து வந்து சேர்கின்றன. மூளையின் பின்பகுதி பெருக்கப் பெருக்க, பலருக்குப் பின் வழி பெரிய வழியாகிறது. பழைய கிளை மெலிந்து சின்ன இணைப்பு நாடியாக நின்றுவிடுகிறது. சிலருக்கு அப்படி மெலிவதில்லை. பழைய வழியே பெரிய வழியாக இருந்துவிடும். ஒரு பக்கத்திலாவது அப்படி இருப்பவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவர், சில கணக்குகளில் அதைவிடக் கூட. இதைத்தான் கருக்கால வகை என்கிறார்கள். கருவில் ஏதோ பிழைத்துப்போனது என்று அதற்குப் பொருளே இல்லை. கருவில் எல்லாருக்கும் இருந்த வழி, இவருக்குத் தொடர்ந்து இருக்கிறது, அவ்வளவுதான்.

1991இல் ஒல்லாந்தில் வான் ஓவர்பேக் குழு கருக்களையும் வளர்ந்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. கருக்களில் முன் வழியும் பின் வழியும் ஏறத்தாழச் சமமாக, எந்தப் பக்கம் சாய்வது என்று முடிவாகாத நிலை சாதாரணமாகக் காணப்பட்டது. வளர்ந்தவர்களில் அது குறைவு, பெரும்பாலானவர்கள் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார்கள். 1998இல், அதே ஒல்லாந்தில், நோயில்லாத 150 வளர்ந்தவர்களைக் காந்த ஸ்கானில் பார்த்தார்கள். முழு வளையம் 42 சதவீதம். இளையவர்களிடமும் பெண்களிடமும் கூடுதல், வயது போகப் போகக் குறைவு. வயதில் பெரிய நாடிகள் தடித்து வளைந்து நெளிகின்றன, நான் தினமும் பார்க்கிற படங்களில் சில, மழைக்காலத்து மண்புழுபோல இருக்கும். சின்ன இணைப்புகளில் ஓட்டம் மந்தமாகிறது. அந்த ஸ்கான் காட்டுவது குழாயை அல்ல, ஓட்டத்தை. ஓட்டம் மெதுவானால் குழாய் இருந்தும் படத்தில் வராது. ஆகவே முதியவரின் அறிக்கையில் ஒன்று காணவில்லை என்றால், அது இல்லாமலே போய்விட்டது என்று அவசரப்படக்கூடாது.

எல்லா வேறுபாடும் ஒன்றும் செய்யாது என்று சொல்லி உங்களை அனுப்பவும் நான் விரும்பவில்லை. வளையம் முறிந்த இடத்தில் மாற்று வழி இல்லை. முன்பக்கச் சமநிலை குலைந்த வளையங்களில் நாடி வீக்கம் கூடுதலாகக் காணப்படுகிறது. கருக்கால வகை உள்ளவருக்குக் கரோட்டிட் அடைத்தால், பின்மூளையும் சேர்ந்து பாதிக்கப்படலாம். கழுத்து நாடியில் கைவைக்குமுன் சத்திரசிகிச்சை செய்கிறவர்கள் வளையத்தைப் பார்ப்பது இதற்குத்தான். அந்த அம்மாவுக்கு ஒடுங்கிய குழாய் மற்றப் பக்கத்தில் இருந்தது. டொக்டர் கவலை வேண்டாம் என்றது சரிதான். நான்தான் நடுவில் நின்று கெடுத்தேன்.

ஆறு கிழமைக்குப் பிறகு கிளினிக்குக்கு வந்தார்கள். இந்த முறை நான் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தேன். அவர் வரும்வரை கைகட்டி இருந்தேன். எல்லாம் முடிந்து போகும்போது மகளைப் பிடித்தேன்.

"தங்கச்சி, அண்டைக்கு நான் சொன்னது பிழை. அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை."

அவள் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு மெல்லக் கேட்டாள்.

"நான் இண்டர்நெற்றில தேடினனான் அக்கா. ஒண்டும் விளங்கேல்ல. பிள்ளைக்கும் ஸ்கான் எடுக்கச் சொல்லி மிட்வைஃபோட சண்டை பிடிச்சனான். அவர் மூண்டு கிழமையா நித்திரையில்லை." அவர் என்றது கணவனை.

அங்கேயே, வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில், ஒரு துண்டுக் கடதாசியில் வளையத்தை வரைந்தேன். கார்டர்போல நாடியின் மேலேயே பெயர் எழுதப் பார்த்தேன், தமிழ் எழுத்து உள்ளே அடங்கவில்லை. கருவில் இரத்தம் இப்படிப் போகும், அம்மாவுக்கு இன்னும் இப்படியே போகிறது, உன்ர வயித்துக்குள்ள இருக்கிற பிள்ளைக்கும் இப்ப இப்பிடித்தான் என்று விரலால் இழுத்துக் காட்டினேன். அவள் கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப அம்மாட வழி பழைய வழி. அவ்வளவுதானே?"

"ஓம். அவ்வளவுதான்."

மூன்று வருடம் வாசித்தாலும் எனக்கு வராத சொல் அது. பிறகு இந்த அறிக்கை வருகிற ஒவ்வொரு தமிழருக்கும், மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இருந்தால், பழைய வழி என்று சொல்லலாமா என்று கேட்டுப் பார்க்கிறேன். சிலர் ஒப்புக்கொள்கிறார்கள். சிலர் அகராதிச் சொல்லைத்தான் சொல்வோம் என்கிறார்கள், அதிலும் நியாயம் உண்டு.

அம்மா கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு என்னிடம் வந்தா. வளையத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"பிள்ளை, ஆர்ச்வேயில பஸ் ஸ்ரொப்பை எல்லாம் மாத்திப்போட்டாங்கள். இப்ப நாங்கள் முருகன் கோயிலுக்குப் போற பஸ்ஸை எதில நிண்டு பிடிக்கிறது?"